கோப்பில் ஏறாத ஆண்டுகள்

பீடித் தொழிலாளர்களின் ஓய்வூதியக் கோப்புகளைக் கையாளும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். திருநெல்வேலி மாவட்டம் முக்கூடலில் ஒரு சிறிய கணினி மையம் நடத்துகிறேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா நகல், மின்கட்டணம் என்று ஊர்க்காரர்களின் காகித வேலைகள்தாம் என் பிழைப்பு. ஓய்வு பெற்ற பீடித் தொழிலாளர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்று காட்டும் வாழ்நாள் சான்றிதழை, விரல்ரேகை வைத்து ஆண்டுதோறும் பதிவுசெய்து கொடுப்பதும் அதில் அடக்கம். அப்படி என்னிடம் வந்துகொண்டிருந்த ஓர் ஆச்சி சில மாதங்களுக்கு முன் காலமானார். இறப்புச் சான்றிதழின் நகலை அவருடைய மகள் உங்களுக்கு அனுப்பிவிட்டார். இனிக் கணக்கு மூடப்படும், கோப்பு அலமாரிக்குப் போய்விடும். போவதற்கு முன்னால் அதில் சேர வேண்டிய பக்கங்கள் சில இருக்கின்றன.

ஆச்சியின் பெயரை எழுதவில்லை. மகள் கேட்டுக்கொண்டது அது ஒன்றைத்தான். எந்த அலுவலகத்தில் எந்த மேசையில் என்ன நடந்தது என்பதையும் பெயர் சொல்லி எழுதப்போவதில்லை. ஒரு மேசைக்காரரை மாற்றினால் தீர்ந்துவிடும் காரியமாக இது எனக்குத் தெரியவில்லை.

உங்கள் கோப்பில் அவரைப் பற்றி இருப்பவை நான்கு செய்திகள். பிறந்த தேதி ஜனவரி 1, 1945. பணியில் சேர்ந்தது 1989. பணிக்காலம் பதினான்கு ஆண்டுகள். ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய். இந்த நான்கில் கடைசி ஒன்றுதான் முழு உண்மை.

பிறந்த தேதியை விட்டுவிடலாம். தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் அரசாங்கம் ஜனவரி முதல் தேதியைப் பொதுப் பிறந்தநாளாகக் கொடுத்து வைத்திருக்கிறது. சுதந்திரம் வந்தபோது தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்ததாக அவருடைய தாய் சொல்வாராம். ஆகவே வருடம் ஏறத்தாழச் சரியாகத்தான் இருக்கும். எனக்கு உறுத்துவது அந்த 1989.

அவர் பிறந்தது ஆலங்குளம் பக்கத்தில் ஒரு மானாவாரிக் கிராமம். மழை பெய்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. எட்டு ஒன்பது வயதில் அத்தை பக்கத்தில் உட்கார்த்தி வைத்து, சுற்றிய பீடியின் தலையை மடக்கி மூடுகிற வேலையைக் கொடுத்திருக்கிறார். சின்ன விரல்களுக்கு அது எளிது என்று அந்த வேலை எப்போதும் பிள்ளைகள் தலையில்தான் விழும். பன்னிரண்டு வயதில், இலையும் தூளும் வைத்துச் சுற்றுகிற சுளகு அவர் மடிக்கு வந்துவிட்டது. அதன் பிறகு அறுபது ஆண்டுகள் ஏதோ ஒரு சுளகு அவர் மடியில் இருந்திருக்கிறது.

உங்களில் பலர் பீடி சுற்றுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்க வாய்ப்பில்லை. மத்தியப் பிரதேசத்திலும் ஒடிசாவிலும் காட்டில் பறித்த இலை மூட்டையாக வந்து இறங்கும். அதை எடை போட்டு, புகையிலைத் தூளையும் எடை போட்டு, பீடிக்கடையில் கொடுப்பார்கள். முந்தின நாளே இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைக்க வேண்டும். காலையில் தகட்டை இலைமேல் வைத்துக் கத்தரியால் அளவாக வெட்டிக்கொள்ள வேண்டும். பிறகு தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, தலையை மடக்கி, இருபத்தைந்து பீடிக்கு ஒரு கட்டு. ஆயிரம் பீடிக்கு நாற்பது கட்டு. அடுப்பு வேலை, தண்ணீர் பிடிப்பது, பிள்ளைகளுக்குத் தலை வாருவது எல்லாவற்றுக்கும் இடையில் இதை நுழைத்தால் விடிந்ததிலிருந்து இரவு வரை ஆகும். கொடுக்கிற இலையில் பாதி ஓட்டையும் சருகுமாக இருந்தால் குறைகிற இலையைத் தன் காசில் வெளியே வாங்கிப் போட்டாவது எண்ணிக்கையை நிரப்ப வேண்டும். நிரப்பாவிட்டால் கூலியில் பிடித்துக்கொள்வார்கள்.

பெண் பார்க்க வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, நாளுக்கு எத்தனை சுற்றுவாள் என்பதுதானாம். நகையைப் பற்றி இரண்டாவதாகக் கேட்டார்கள் என்று ஆச்சி சொல்லிச் சிரிப்பார். அப்படி முக்கூடலுக்கு வாக்கப்பட்டு வந்தவருக்குத் தனியாகக் கார்டு கிடைக்கவில்லை. புதிதாகப் பெயர் சேர்ப்பதில்லை என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். மாமியாரின் பாஸ்புத்தகத்தில்தான் மருமகள் சுற்றிய பீடியும் ஏறியது. ஒரு புத்தகம், இரண்டு மடி, நான்கு கை. 1989இல் மாமியார் இறந்த பிறகே மருமகளுக்கென்று ஒரு புத்தகம் போட்டுக் கொடுத்தார்கள். அதைத்தான் உங்கள் கோப்பு 'பணியில் சேர்ந்த ஆண்டு' என்கிறது. அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகளுக்கு மேலான உழைப்பு, செத்துப்போன ஒருவரின் பெயரில் வேறொரு கோப்புக் கட்டுக்குள் கிடக்கிறது. அல்லது கரையான் தின்றிருக்கும்.

கணவர் பம்பாய் தாராவிக்குப் போனார். இந்த வட்டாரத்து ஆண்கள் பலர் போன வழி அது. முதலில் மாதாமாதம் மணியார்டர் வந்தது, பிறகு பொங்கலுக்கு வந்தது, பிறகு வரவில்லை. அவரைப் பற்றி ஆச்சி அதிகம் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. மூன்று பிள்ளைகள். சோறு, படிப்பு, கல்யாணம், ஒரு ஓட்டு வீடு, எல்லாமே ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற எண்ணிக்கைக் கூலியில் நடந்தவை. கல்லூரிக்குப் போன மகளும் இரவில் அம்மாவுக்குத் தலை மடக்கிக் கொடுத்துவிட்டுத்தான் புத்தகத்தை எடுப்பாராம். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசு தருகிற கல்வி உதவித்தொகை அந்த மகளுக்கு வந்தது. நல்லதையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் அந்தத் தொழிலாளர்களுக்கென்றே ஒரு மருத்துவமனையும் இருக்கிறது. இருமலுக்கு மருந்து வாங்க ஆச்சி அங்கேதான் போவார். வாழ்க்கையில் ஒரு பீடியைக்கூட அவர் பற்றவைத்ததில்லை. ஆனால் அந்தத் தூள் அவருடைய மூச்சில் இருந்தது.

இப்படி எழுதிக்கொண்டே போனால் ஒரு பாவப்பட்ட கிழவியின் படம்தான் உங்கள் கண்ணுக்குத் தெரியும். அவர் அப்படிப்பட்டவர் அல்லர். தெருவில் பாதிப் பேர் அவருடைய வாய்க்குப் பயந்தவர்கள். இலங்கை வானொலியில் இரவுப் பாட்டு ஓடும்போது யாராவது பேசினால் கத்தரியை ஓங்குவார். வட்டிக்குக் கொடுப்பார், வாங்கவும் செய்வார், இரண்டிலும் கறார். 1992 நவம்பரில் தாமிரபரணி வெள்ளம் வந்தபோது, கடையிலிருந்து வாங்கி வைத்திருந்த தூள் நனைந்து போனது. நனைந்த தூளுக்கும் கடையில் கணக்குக் கேட்டார்கள். "ஆற்றிடம் போய்க் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தார். கடைசியில் கூலியில் பிடிக்கத்தான் செய்தார்கள். ஆனால் அந்த வாக்கியம் ஊரில் நெடுநாள் புழங்கியது.

கழிவு விஷயத்தில் அவருடைய பெயர் இன்னும் பெரிது. கட்டுகளைக் கொண்டுபோய் வைத்தால், பார்வையிடுகிறவர் ஒவ்வொரு கட்டாக உருட்டிப் பார்த்து, தளர்ந்தது, வளைந்தது, தலை பிரிந்தது என்று ஒரு கை அள்ளி ஓரம் தள்ளுவார். அதற்குக் கூலி கிடையாது. எவ்வளவு கழிக்கலாம் என்பதற்கு விதிகளில் வரம்பு உண்டு. நடைமுறையில் அது பார்வையிடுகிறவரின் மனநிலையைப் பொறுத்தது. கழித்த பீடி குப்பைக்கும் போகாது. அதுவும் எங்கோ விலைக்குப் போய்விடும் என்பது ஊரறிந்த சந்தேகம். ஆச்சி ஒருநாள் கடை மேசையை விட்டு நகராமல் நின்றுகொண்டார். "கெட்ட பீடி என்றால் என் கண் முன்னால் ஒடித்துப் போடு. ஒடிக்க மனம் வரவில்லை என்றால் அது நல்ல பீடி, கூலியைக் கொடு." பின்னால் நின்ற பெண்களும் கட்டுகளைக் கொடுக்காமல் நின்றுவிட்டார்கள். அன்றைக்கு ஒடித்தார்கள். அதற்குப் பிறகு ஆச்சி வரும் நேரத்தில் மட்டும் கழிவு குறைவாக விழும் என்று, மற்றப் பெண்கள் அவரோடு சேர்ந்து போகப் பழகிக்கொண்டார்கள்.

இந்தக் கழிவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லக் காரணம் இருக்கிறது. 1977இல் பீடித் தொழிலை வருங்கால வைப்பு நிதிச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். முதலாளிகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். வீட்டில் இருந்து சுற்றுகிற பெண்கள் எங்கள் தொழிலாளர்களே அல்லர், அவர்கள் எப்போது சுற்றுகிறார்கள், எப்படிச் சுற்றுகிறார்கள் என்பதை நாங்கள் மேற்பார்க்கிறோமா என்ன, என்பது அவர்களுடைய வாதம். 1985இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சரியில்லாத பீடியைக் கழித்துத் தள்ளும் உரிமை உங்களிடம் இருக்கிறதே, அதுவே போதுமான மேற்பார்வையும் கட்டுப்பாடும்தான் என்று சொல்லிவிட்டது. ஆச்சியின் வயிற்றெரிச்சலுக்குக் காரணமாக இருந்த அதே கழிவுதான் அவரைச் சட்டப்படி தொழிலாளி ஆக்கியது. இதை ஒருநாள் அவரிடம் விளக்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்படியென்றால் கழித்த பீடிக்கும் சேர்த்துப் பென்சன் போட்டிருக்க வேண்டுமே" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

தீர்ப்புக்குப் பிறகு என்ன நடந்தது என்பதை என்னைவிட நீங்கள் அறிவீர்கள். பெரிய பெயர்கள் பின்னால் போய், சின்னச் சின்ன ஒப்பந்தக்காரர்கள் முன்னால் வந்தார்கள். ஆச்சி உட்காரும் திண்ணை மாறவில்லை, கத்தரி மாறவில்லை, கட்டில் ஒட்டும் லேபிளும் மாறவில்லை. அவர் வேலை செய்யும் நிறுவனத்தின் பெயர் மட்டும் ஒருநாள் மாறியிருந்தது. பழைய வைப்பு நிதி எண் போய்ப் புதிய எண் வந்தது. தொழிற்சங்கத்துக்காரர்கள் அலையோ அலை என்று அலைந்து இரண்டு எண்களையும் இணைத்ததால்தான் அந்தப் பதினான்கு ஆண்டுகளாவது தேறின. இணைக்கத் தெரியாதவர்கள் ஓய்வூதியத்துக்கு வேண்டிய பத்து ஆண்டைத் தொட முடியாமல், கிடைத்த சில ஆயிரங்களை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

58 வயது ஆனதும் பணிக்காலம் முடிந்ததாக எழுதிவிட்டீர்கள். அவர் வேலை முடியவில்லை. 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தின் கணக்கு தோராயமாக இதுதான்: சராசரிச் சம்பளத்தைப் பணிக்காலத்தால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். மாதம் 1,500 ரூபாய், பதினான்கு ஆண்டு என்று போட்டால் முந்நூறு வரும். கொஞ்சம் கூடக்குறைய அதுதான் அவருக்கு வந்தது. 2014 செப்டம்பரில் குறைந்தபட்சம் ஆயிரம் என்று உயர்த்திய பிறகுதான் நான்கு இலக்கத்தைப் பார்த்தார். மாமியார் புத்தகத்தில் சுற்றியவர் இப்போது மருமகள் புத்தகத்தில் சுற்றினார். கண்ணில் புரை விழுந்து நூல் தெரியாமல் போகிற வரை சுற்றினார்.

இங்கே ஒன்றை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். பீடி கேடு. புகைத்த ஆண்களைப் புற்றுநோய் மருத்துவமனை வாசலில் பார்த்தவன் நான். இந்தத் தொழில் நசிந்து போனால் எனக்கு வருத்தம் இல்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் வேறு வேலைக்குப் போகட்டும். ஆனால் கேடான பொருளைச் செய்ததற்காக அதைச் செய்த கைகளை மெல்ல மறந்துவிடலாம் என்ற எண்ணம் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது. பீடிமேல் விதித்த வரியில் பல பத்தாண்டுகள் அரசாங்கமும் கணக்காகப் பங்கு வாங்கியிருக்கிறது. அந்தப் பணத்தை எண்ணும்போது யாருக்கும் கை கூசவில்லை.

கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தொழில் அங்கேதான் அவருடைய வாழ்க்கையோடு முட்டியது. ஈர இலையும் தூளும் நூலும் ஆண்டுக்கணக்கில் உரசினால் விரல் நுனியின் வரிகள் தேய்ந்துவிடும். வயதானால் தோலும் உலர்ந்து போகும். இரண்டும் சேர்ந்தால் கருவிக்கு ஒன்றும் பிடிபடாது. ஆச்சியின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கண்ணாடிபோல் இருக்கும். வெந்நீரில் கையை நனைத்துத் துடைப்போம், தேங்காயெண்ணெய் தடவுவோம், எலுமிச்சம்பழத் தோலில் தேய்ப்போம். பத்து விரல்களில் எது நன்றாகப் பதியும் என்று ஆதாரில் சோதித்துப் பார்க்கும் வசதி உண்டு. இடது சுண்டுவிரல் தேறியது. அந்த விரலுக்கு நூல் கட்டுவதில் வேலை குறைவு. சில ஆண்டுகள் அதை வைத்தே ஓட்டினோம். பிறகு அதுவும் பதிய மறுத்தது.

முகத்தைப் படம் பிடித்துச் சரிபார்க்கும் முறை 2021 நவம்பரில் வந்தது. நல்ல ஏற்பாடு, பலருக்கு உதவியிருக்கிறது. ஆச்சியின் ஆதார் படம் எடுத்தபோது அவருக்குப் பற்கள் இருந்தன, ஒட்டாத கன்னம் இருந்தது. செயலி கண்ணைச் சிமிட்டச் சொல்லும். அறுவை செய்த கண்ணைப் பொத்திப் பொத்தி வைப்பார். கருவிழியைப் படிக்கும் கருவி எங்கள் ஊரில் எவரிடமும் இல்லை. சான்றிதழின் ஆண்டு முடிந்தது, ஓய்வூதியம் நின்றது.

விரல் பதியாதவர்களிடம் காகிதத்தில் சான்றிதழ் வாங்கும் வழி ஏட்டில் இருக்கிறது. அதைத் தேடிக்கொண்டு ஆச்சியும் மகளும் பஸ் ஏறினார்கள். வங்கியில், அலுவலகத்திலிருந்து கடிதம் வேண்டும் என்றார்கள். அலுவலகத்தில், வங்கி மேலாளரின் கையெழுத்து இருந்தால்தான் பார்ப்போம் என்றார்கள். உயிரோடு இருப்பதற்கு ஆதாரம் வேண்டும் என்று ஒருவர் சொன்னபோது, ஆச்சி சுருக்குப்பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்தாராம். "இன்றைய தேதி போட்டிருக்கிறது பாருங்கள். செத்தவளுக்குக் கண்டக்டர் டிக்கெட் கொடுப்பாரா?" மேசையில் இருந்தவர் சிரித்தார் என்கிறார் மகள். நல்ல மனிதராகத்தான் இருந்திருப்பார். சிரித்துவிட்டு, அடுத்த வாரம் வரச் சொன்னார். அடுத்த வாரம் ஆச்சிக்குக் காய்ச்சல். ஓய்வூதியம் மீண்டும் தொடங்கும் முன் அவர் போய்விட்டார். மாத்திரைக்கும் வெற்றிலைக்கும் மகளிடம் கைநீட்டியதுதான் அந்தக் கடைசி மாதங்களில் அவருக்குப் பிடிக்காமல் போனது. வேறு எதற்கும் அவர் முகம் சுருங்கி நான் கண்டதில்லை.

நின்றுபோன மாதங்களின் நிலுவையை மகள் முறைப்படி கேட்டிருக்கிறார், அது வந்துவிடும் என்று நம்புகிறேன். இந்த மடலில் நான் கேட்பது வேறு.

முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம், வீரவநல்லூர், மேலப்பாளையம், புளியங்குடி என்று இந்தப் பக்கம் எங்கே திரும்பினாலும் விரல் தேய்ந்த பெண்கள் இருக்கிறார்கள். சான்றிதழ் காலாவதியானால் பணத்தை நிறுத்துவதற்கு முன் ஒரு முறை வீட்டுக்கு ஆள் அனுப்புங்கள், அல்லது பேரூராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். யார் உயிரோடு இருக்கிறார்கள் என்பது எங்கள் ஊர்களில் ரகசியம் அல்ல. விரல் பதியாதவர்களிடம் காகிதச் சான்றிதழை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று வங்கிக்கும் உங்கள் கவுண்டருக்கும் ஒரே வாசகத்தில், தமிழில், ஓர் உத்தரவு எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கையில் காட்ட ஒரு தாள் இருந்தால் பாதி அலைச்சல் குறையும்.

மாமியார் புத்தகத்தில் சுற்றிய மருமகள்களின் கணக்கை எடுப்பது சிரமம் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் முடியாத காரியம் அல்ல. பழைய பாஸ்புத்தகங்கள் பல வீடுகளில் இன்னும் டிரங்குப் பெட்டிகளில் கிடக்கின்றன. பக்கத்தில் உட்கார்ந்து சுற்றியவர்கள் சாட்சி சொல்வார்கள். பீடித் தொழிலாளர்களுக்கென்று 1966ஆம் ஆண்டுச் சட்டம் வந்து அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. அதன் முதல் தலைமுறைப் பெண்கள் இப்போதுதான் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். விசாரிப்பதானால் அவர்கள் இருக்கும்போதே விசாரியுங்கள். ஆயிரம் ரூபாயை உயர்த்துவது உங்கள் கையில் இல்லை என்று சொல்வீர்கள். சரி, அது யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்கு அனுப்பும் குறிப்பில், அந்தத் தொகை 2014இலிருந்து நகரவில்லை என்பதையாவது ஒரு வரி எழுதுங்கள்.

எங்கள் ஊரில் முகாம் போட நீங்கள் முன்வந்தால் இடத்துக்கு அலைய வேண்டாம். என் மையத்தில் மின்சாரம், இணையம், உட்காரப் பெஞ்சு எல்லாம் உண்டு. பட்டியலும் என்னிடம் இருக்கிறது. எந்தத் தெருவில் யாருக்கு எந்த விரல் பதியும், யாருக்கு எதுவுமே பதியாது என்பது வரை குறித்து வைத்திருக்கிறேன். கருவிழிக் கருவி ஒன்றையும், காகிதத்தில் கையெழுத்துப் போட அதிகாரம் உள்ள ஒருவரையும் நீங்கள் அழைத்து வாருங்கள். செவ்வாய், வெள்ளி வேண்டாம், அன்றைக்கு எல்லாரும் முத்துமாலை அம்மன் கோயிலுக்குப் போய்விடுவார்கள். வாரக்கூலி நாளும் வேண்டாம். மற்ற எந்த நாளானாலும் சரி.

இப்படிக்கு,
முக்கூடலிலிருந்து ஒரு கணினி மையக்காரன்